கெட்ட வீரனின் கடன் கொப்பி

கெட்ட வீரனாக ஆடட்டுமா என்று ஒருவராவது கேட்காத ஆட்டக் கூட்டத்தை நான் இன்னும் காணவில்லை. கொழும்பில் வெள்ளவத்தையிலும் கேட்டார்கள், கொட்டாஞ்சேனையிலும் கேட்டார்கள். கேட்பவர் அநேகமாக மேசையிலேயே சாதுவான ஆளாக இருப்பார். வங்கியில் காசாளராக இருப்பவர், அல்லது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பெடியன். "நல்லவனா ஆடி அலுத்துப்போச்சக்கா, இந்தமுறை எனக்கொரு கறுப்புக் கவசக்காரன் தாங்கோ" என்பார்கள். ஆசையில் பிழை ஒன்றுமில்லை. நாடகம் போட்டாலும் தருமனை விடத் துரியோதனனுக்குத்தானே போட்டி.

பிழை பிறகு வரும். மூன்றாம் நான்காம் செஷனில் அந்தக் கறுப்புக் கவசக்காரன் தன் கூட்டத்தாரின் பணப்பையைத் தூக்குவான். நித்திரையில் இருக்கும் தோழனின் கழுத்தில் கத்தி வைப்பான். ஏன் என்று கேட்டால், "என்ர ஆள் அப்பிடித்தான் செய்வான்" என்று ஒரு பதில் வரும். டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் நடத்துபவர்கள் எந்த நாட்டிலும் அஞ்சுவது இந்த ஒரு வசனத்துக்குத்தான். இது வந்த கிழமைக்கு அடுத்த கிழமை இரண்டு பேருக்குத் தலையிடி, ஒருவருக்கு வீட்டில் விருந்தாளிகள். கம்பெய்ன் முடிந்தது.

தெரியாதவர்களுக்கு: இது பலகையில் காய் நகர்த்தும் ஆட்டமல்ல. நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி இருந்து பேசிப் பேசி ஒரு கதையைக் கொண்டுபோவார்கள். ஒரு தடவை கூடி ஆடுவது செஷன், பல செஷனாக நீளும் முழுக் கதை கம்பெய்ன். ஒருவர் மட்டும் உலகத்துக்கும் எதிரிகளுக்கும் பொறுப்பு. அவரை டிஎம் என்போம். வெட்டு விழுந்ததா, கதவு திறந்ததா என்று இருபது முக டைஸ் முடிவு செய்யும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974 இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆட்டம். பாத்திரத்தின் தொழிலுக்கு கிளாஸ் என்று பெயர்: மந்திரவாதி, திருடன், மதகுரு, போர்வீரன். ஆட ஆடப் பாத்திரம் ஏறும் படிகள் லெவல். தெய்வத்துக்குச் சத்தியம் செய்து அதன் பலத்தில் சண்டையிடும் நல்ல வீரன் பாலடின். அவன் 1975 இல் வந்த முதல் இணைப்பு நூலிலேயே வந்துவிட்டான். அவனுடைய எதிர்ப்பக்கத்தை எழுதுவதுதான் நான் பேசப்போகும் வேலை.

சனி இரவு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத் தொடர்மாடி ஒன்றில் ஒரு மேசை. ஞாயிறு பூசை முடிந்த பிறகு கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குக் கிட்ட ஒரு மேல்மாடி வீட்டில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே 155 ஆம் இலக்க பஸ். விதிகளில் பாதியை அந்த பஸ்ஸில்தான் எழுதியிருக்கிறேன், சீற் கிடைத்த நாட்களில். இரண்டு மேசைக்கும் குணம் வேறு. வெள்ளவத்தையார் விதிநூலை வரிவரியாய்ப் படித்துவிட்டு வந்து வாதாடுவார்கள். கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் நூலைத் திறந்தே பார்க்கமாட்டார்கள், ஆனால் பாத்திரத்தின் குரலை முதல் நிமிடத்திலேயே பிடித்துவிடுவார்கள். ஒரு புது கிளாஸைச் சோதிக்க இரண்டு விதமானவர்களும் தேவை. முதலாமவர் ஓட்டையைக் கண்டுபிடிப்பார்கள், மற்றவர்கள் அது சுவாரசியமா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள்.

கெட்ட வீரனை எழுதிப் பார்த்தவர்கள் முன்பும் இருக்கிறார்கள். 'டிராகன்' சஞ்சிகையின் 39 ஆவது இதழில், 1980 இல், ஆன்டிபாலடின் வந்தான். ஆட்டக்காரர் எடுப்பதற்கல்ல, டிஎம் கையில் எதிரியாக மட்டும் இருப்பதற்கு. 2000 இல் ஆட்டத்தின் மூன்றாம் பதிப்பு பிளாக்கார்டைத் தந்தது. 2010 இல் இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டர் தன்னுடைய ஆன்டிபாலடினை ஆட்டக்காரரிடமே கொடுத்தது. 2014 இல் ஐந்தாம் பதிப்பின் டிஎம் நூலில் ஓத்பிரேக்கர், சத்தியம் முறித்தவன். பெரும்பாலும் எல்லாரும் ஒரே சூத்திரத்தில்தான் செய்திருக்கிறார்கள்: நல்லவனின் பலன்களை எடுத்துத் தலைகீழாக்குவது. அவன் கை வைத்தால் காயம் ஆறும், இவன் கை வைத்தால் காயம் வரும். அவன் பக்கத்தில் நின்றால் தைரியம், இவன் பக்கத்தில் நின்றால் பயம்.

தலைகீழாக்குவது சுலபம், அதனால்தான் சலிக்கிறது. சிலவேளை சிரிப்பாகவும் போகும். ஓத்பிரேக்கருக்கு ஏழாம் லெவலில் ஒரு சக்தி வருகிறது: அவனுக்கும் பத்தடிக்குள் நிற்கும் பேய்களுக்கும் பிணங்களுக்கும் அடியின் வலு கூடும். எவருடைய பிணங்கள் என்று விதி சொல்லவில்லை. வெள்ளவத்தை மேசையில் எங்கள் கறுப்புக் கவசக்காரன் ஒரு கல்லறைக்குள் கம்பீரமாக இறங்கினான். எதிரே நின்ற எலும்புக்கூடுகள் எல்லாம் அவனாலேயே பலம் பெற்று அவனையே வெட்டின. வாளை உறையில் போட்டுவிட்டுப் பத்தடி பின்னால் போய் நின்று அம்பு விடும் கொடியவனைப் பார்த்து யார் பயப்படுவது? 2017 இல் வந்த வெற்றிகொள்ளும் சத்தியக்காரன் கொஞ்சம் பரவாயில்லை. பயந்தவன் அவன் முன்னால் அசைய முடியாமல் நிற்பான், அது விதியாகவும் நல்லது, காட்சியாகவும் நல்லது. ஆனால் அவனும் ஏன் கொடியவன் என்றால் கொடியவனாம். அதற்கு மேல் காரணமில்லை.

எனக்குக் காரணம் வேண்டியிருந்தது. அதைத் தேட விதிநூலுக்குப் போகத் தேவையே இல்லை. கம்பராமாயணத்தில் கும்பகர்ணன் இருக்கிறான். சீதையை விட்டுவிடு என்று அண்ணனுக்குப் புத்தி சொல்கிறான், அண்ணன் கேட்கவில்லை, சண்டைக்குப் போகிறான். வீடணன் போர்க்களத்துக்கே வந்து இந்தப் பக்கம் வா என்று கூப்பிட்டபோதும் வளர்த்தவனை விட்டு வர மறுக்கிறான். பக்கம் பிழை என்று தெரிந்தே நிற்கிறான். கர்ணனும் அந்த வகைதான், 1964 இல் சிவாஜி நடித்த படத்தால் எங்கள் அப்பாமார் எல்லாருக்கும் அவன் வீட்டுப்பிள்ளை. இன்னும் கொடுமையாக வேண்டுமென்றால் அசுவத்தாமன். துரியோதனன் தொடை முறிந்து கிடக்க, அவனுக்காக இரவில் பாசறைக்குள் புகுந்து நித்திரையில் கிடந்தவர்களை வெட்டினான். திரௌபதியின் ஐந்து பிள்ளைகளும் அதில் போனார்கள். இவர்களில் எவனும் சத்தியத்தை முறித்ததால் கெட்டவனாகவில்லை. காப்பாற்றியதால் ஆனான்.

இலங்கையில் இன்னும் கிட்டவே ஒரு கதை உண்டு. பொலன்னறுவையில் அட்டதாகேயின் பக்கத்தில் ஒரு கற்பலகையில் தமிழில் நீண்ட கல்வெட்டு இருக்கிறது. வேளைக்காரப் படையின் கல்வெட்டு. வேளைக்காரர் என்றால் அரசனுக்கு உயிர் கொடுப்பதாகச் சபதம் செய்த படையினர். சோழரிடமும் இருந்தார்கள், 1070 இல் சோழரை விரட்டிவிட்டுப் பொலன்னறுவையில் ஆண்ட முதலாம் விஜயபாகுவிடமும் இருந்தார்கள். அவனுடைய தூதர்களின் மூக்கையும் காதையும் சோழ மன்னன் அறுத்து அனுப்ப, இவன் படையெடுக்கப் புறப்பட்டான். சோழருக்கு எதிராகப் போகமாட்டோம் என்று வேளைக்காரர் திரும்பிவிட்டார்கள். தளபதிகளைக் கொன்று, மன்னனின் தங்கை மித்தாவையும் அவள் பிள்ளைகளையும் பிடித்து, அரண்மனைக்குத் தீ வைத்தார்கள் என்கிறது சூளவம்சம். மன்னன் தப்பி ஓடி, படை திரட்டி வந்து, கலகத் தலைவர்களைக் கட்டிவைத்து எரித்தான்.

இதோடு முடிந்திருந்தால் அது ஒரு சாதாரணக் கலகம். 55 வருடம் ஆண்ட விஜயபாகு 1110 இல் இறந்த பிறகு, புத்தரின் தந்தம் இருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பு இதே வேளைக்காரரிடம் வந்தது. வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் என்று தங்கள் பிரிவுகளின் பெயரைச் சொல்லி, கோயிலுக்கே மூன்றுகைத் திருவேளைக்காரர் தளதாயப் பெரும்பள்ளி என்று பெயரிட்டு, நாங்கள் அழிந்தாலும் இதைக் காப்போம் என்று கல்லில் எழுதிக் கொடுத்தார்கள். அரண்மனையை எரித்த படையின் வழிவந்தவர்கள், தமிழில் எழுதிக் கொடுத்து, பௌத்த விகாரை ஒன்றுக்குக் காவல். ஓத்பிரேக்கர் நூலில் ஒரு பக்கத்துக்குள் முடிகிற ஆள். இந்தக் கற்பலகையில் மூன்று கம்பெய்னுக்குச் சரக்கு இருக்கிறது.

ஆகவே என் கெட்ட வீரன் கடனாளி. உண்ட சோற்றுக்குக் கட்டுப்பட்டவன். அதை விதியாக்க வேண்டும், இல்லாவிட்டால் வெறும் பின்கதையாய்ப் போய்விடும்.

பாலடினின் உடம்பை அப்படியே வைத்துக்கொண்டேன். பத்து முக டைஸில் ஹிட் பொயின்ற் என்கிற உயிர்ப் புள்ளி, கனக் கவசம், எதிரியை அடித்த பிறகு மந்திர சக்தியைச் செலவழித்து 2 எட்டுமுக டைஸ் சேர்த்து உருட்டும் ஸ்மைட், எல்லாம் உண்டு. எடுத்தது ஒன்று: லெவலின் ஐந்து மடங்கு அளவுக்குக் காயம் ஆற்றும் கை. அந்த இடத்தில் ஒரு கொப்பி வைத்தேன். ஒழுங்கை முனைக் கடையில் அம்மா பெயரில் பாணும் பருப்பும் எழுதி வைக்கிற கடன் கொப்பி போலவே, பக்கத்துக்கு ஒரு பெயர், பெயருக்குக் கீழே கோடுகள்.

பெயர் ஏற மூன்று வழி. சோறு போட்டவர், உயிரைக் காத்தவர், மானத்தைக் காத்தவர். ஒரு பெயருக்கு மூன்று கோட்டுக்கு மேல் இல்லை. எத்தனை பெயர் என்பது வீரனின் தேர்ச்சி எண், முதல் லெவலில் 2, பதினேழில் 6. கொப்பியில் உள்ள எவரையாவது பத்தடிக்குள் யாரும் தாக்கினால் அவன் உடனே திருப்பி வெட்டலாம். ஆறாம் லெவலில் பாலடின் சுற்றி நிற்கும் நண்பர்கள் எல்லாருக்கும் தரும் பாதுகாப்பை இவன் கொப்பிக்காரருக்கு மட்டும் தருவான். கடன் கொடுத்தவர் ஒரு காரியம் கேட்டால், அதைச் செய்யும்போது ஒரு கோட்டை அழித்துவிட்டு டைஸை இரண்டு தரம் உருட்டிப் பெரியதை எடுக்கலாம். பதினொன்றோ அதற்கு மேலோ வேண்டிய இடத்தில் பாதி வாய்ப்பு முக்காலாகிவிடும். சின்னப் பலனல்ல.

கேட்டதை மறுத்தால் அது இரண்டகம். பரிகாரம் செய்யும் வரை ஸ்மைட் இல்லை. கொப்பியில் உள்ளவர் மீதே கைவைத்தால் கொப்பி முழுவதும் கிழியும். தோழனின் கழுத்தில் கத்தி வைக்கும் நோய் இதில் மருந்து வைத்ததுபோல் நின்றுவிட்டது, ஏனென்றால் கூட்டத்தில் ஆள் ஆளாய்ச் சோறு போட்டுத் தங்கள் பெயரை அவன் கொப்பியில் ஏற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள். "இந்தா தம்பி, முட்டை ரொட்டி, எழுது" என்று கொட்டாஞ்சேனை மேசையில் உண்மையான ரொட்டியையே நீட்டினார்கள்.

அப்படியென்றால் இவன் எங்கே கெட்டவன்? முதல் பக்கத்தில். அந்தப் பக்கம் எப்போதும் ஓர் எசமானுக்கு. குரல் டிஎம்முடையது. மூன்று கோட்டோடு தொடங்கும், ஒன்றுக்குக் கீழே ஒருநாளும் இறங்காது. வரி கட்டாத ஊரின் நெற்குதிரை எரி என்று எசமான் சொல்லியனுப்பினால் எரிக்க வேண்டும், அல்லது இரண்டகம். கொப்பியின் பின்பக்கம் இருந்து தொடங்கும் இன்னொரு கணக்கு இருக்கிறது, பழிக் கணக்கு. வீரன் ஒருவர் கேட்டதற்காகச் செய்த கொடுமை, கேட்டவரின் பெயரில் எழுதப்படும். எசமான் மட்டுமல்ல, கூட்டத்தார் கேட்டாலும் அப்படித்தான்.

இது என்ன செய்யும் என்று கொட்டாஞ்சேனையில் பார்த்தேன். ஒரு கோட்டைக்குள் இரகசியமாகப் புகவேண்டும். வாசலில் ஒரு கிழட்டுக் காவலாளி, இவர்களைக் கண்டுவிட்டான். மதகுருவாக ஆடிய தங்கச்சி அவசரத்தில் வீரனைப் பார்த்து, "அந்தாள் வாய் திறக்காமப் பாத்துக்கொள்" என்றாள். வீரனாக ஆடியவன் அந்த மேசையிலேயே அமைதியான பெடியன். கொப்பியைத் திறந்து அவள் பெயரில் ஒரு கோட்டை அழித்தான். இரண்டு தரம் உருட்டினான், 6, 19. "எப்பிடிப் பாத்துக்கொள்ளப் போறாய்?" என்றேன். தலையை நிமிர்த்தாமலே, "இனி திறக்கமாட்டான் அக்கா" என்றான். நான் மேசைக்கு மேலால் கையை நீட்டி அவளுடைய பாத்திரத் தாளை இழுத்து, பழி என்று எழுதி ஒன்று போட்டேன்.

"நான் கொல்லச் சொல்லேல்லையே!"

எவரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அடுத்த அரை மணித்தியாலம் கூட்டம் அந்த வீரனிடம் எதைக் கேட்பதென்றாலும் வக்கீல் பத்திரம் எழுதுவதுபோல் கேட்டது: கொல்லாமல், காயப்படுத்தாமல், கட்டி மட்டும் வை. எதிரிப் படையிடம் இல்லாத பயம் தங்கள் பக்கத்து ஆளிடம். எனக்கு வேண்டியிருந்த கெட்ட வீரன் அவன்தான்.

வெள்ளவத்தை மேசையில் விதி வேறிடத்தில் இடித்தது. கொழும்புத் தமிழர் கூட்டத்தில் "மேலிடம் சொன்னது, செய்கிறேன்" என்கிற ஆள் கற்பனைப் பாத்திரமில்லை. 2007 ஜூன் 7 ஆம் திகதி விடியப்புறம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் பொலிஸார் கதவைத் தட்டி, தங்கியிருந்த தமிழர் 376 பேரை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர்நீதிமன்றம் தடுத்தது. அந்த நேரம் பிள்ளையாய் இருந்தவர்கள் இன்று என் மேசையில் டைஸ் உருட்டுகிறார்கள். ஆகவே எந்தக் கம்பெய்ன் தொடங்கும் முன்பும் ஒரு தாள் சுற்றிவரும், வேண்டாதவற்றைப் பெயர் போடாமல் எழுதலாம். வெளியூர் மேசைகளில் இதற்கு எக்ஸ் அட்டை வைப்பார்கள், ஜோன் ஸ்டாவ்ரோபூலோஸ் பரப்பிய முறை. எங்கள் தாளில் ட்ராகன் வேண்டாம், சிலந்தி வேண்டாம் என்று வந்ததில்லை. சோதனைச்சாவடி வேண்டாம், இரவில் கதவு தட்டுவது வேண்டாம், அடையாள அட்டை கேட்பது வேண்டாம், ஆள் கடத்தும் வெள்ளை வான் போல எதுவும் வேண்டாம். எசமானின் கட்டளைகளை நான் அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அந்த மேசையில்தான் ஒருவர், நாற்பதைத் தாண்டியவர், பழிக் கணக்கைப் படித்துவிட்டுக் கேட்டார்: "கேட்டவனுக்குப் பழி, சரி. செய்தவனுக்கு ஒண்டுமில்லையோ?" நான் கும்பகர்ணனைச் சொன்னேன். "கும்பகர்ணன் செத்தவனல்லோ" என்றார். அதற்கு மேல் வாதாட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அன்றிலிருந்து பழி இரண்டு பக்கமும் ஏறும். கேட்டவரின் தாளில் ஒன்று, வீரனின் தாளில் ஒன்று. வீரனின் பழி அவனுடைய தேர்ச்சி எண்ணைத் தாண்டினால் காயம் ஆற்றும் மந்திரங்கள் அவனில் பாதியளவுதான் வேலை செய்யும். விதி கொஞ்சம் பாரமாகிவிட்டது என்று சிலர் முறைப்பட்டார்கள். பாரமாகத்தான் இருக்க வேண்டும்.

கணக்குகளைச் சரிபார்த்தது 2022 இல். மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. லிப்ட் ஓடாத தொடர்மாடியில் படியேறி வந்து மூச்சு வாங்குகிறவர்களுக்கு முதலில் தண்ணீர், பிறகு ஆட்டம். மெழுகுதிரி வெளிச்சத்தில் மேசையில் உருண்டு விழுந்த டைஸைத் தேடுவது தனிச் சோதனை, அதனால் சோற்றுத் தட்டுக்குள் உருட்டினோம். எவர்சில்வர் தட்டில் டைஸ் விழும் சத்தம் கீழ் வீட்டுக்கும் கேட்டிருக்கும். தொலைபேசியில் சார்ஜ் இல்லாததால் டைஸ் செயலியும் இல்லை, விதிநூல் பிடிஎஃப்பும் இல்லை, தெரிந்த விதி மட்டும். ஒரு கிளாஸின் விதிகளைத் தாளைப் பார்க்காமல் ஆடமுடியவில்லை என்றால் அது நீளம் கூடியது என்று அர்த்தம். கொப்பிக்கு நான் எழுதியிருந்த ஏழெட்டுக் கிளைவிதிகள் அந்த இருட்டில் செத்தன. எதற்கும் குறை தெரியவில்லை.

இதை அச்சிட்டு விற்கலாமா என்று கேட்கிறார்கள். விற்கலாம். 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை வெளியீட்டாளரே கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டார்கள், மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். ஆனால் கவனம்: அதில் பாலடின் இருக்கிறான், ஓத்பிரேக்கர் இல்லை. அவனுடைய சக்திகளை அப்படியே எடுத்துப் போட்டால் பிரச்சினை. சொந்தமாகக் கெட்டவனை எழுதவேண்டியவர்களுக்கு இது ஒரு வகையில் நல்லதுதான்.

எடுத்து ஆடப்போகிறவர்கள் இரண்டு எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். ஆறு பேர் இருக்கும் மேசையில் கொப்பியின் பெயர் எல்லையில் ஒன்றைக் குறையுங்கள், இல்லாவிட்டால் வீரன் எல்லாருக்கும் காவலாகி மற்றப் போர்வீரருக்கு வேலை இருக்காது. மூன்று பேர் மேசையில் எசமான் இரண்டு கோட்டோடு தொடங்கட்டும், கட்டளையும் இரண்டு செஷனுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். பத்தாம் லெவலுக்கு மேல் எழுதியிருப்பதை நம்பவேண்டாம், அது கடதாசிக் கணக்கு மட்டும். எங்கள் மேசைகள் எதுவும் இன்னும் ஒன்பதைத் தாண்டவில்லை.